ஊர்ப் பணமும் ஊர்க் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

ஊருக்கென்று பொது நிதி சேர்ப்பது, அதை முறையாக வைத்துக் காப்பது பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வரும் வருமான வரிச் சட்டம் 2025-இல் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ஆடிட்டர் முதல் ஊர்க்காரர் வரை எல்லோர் வாயிலும் இருப்பது 80ஜி (நன்கொடை கொடுத்தவருக்கு வரிச்சலுகை தரும் பதிவு), 12ஏபி (அறக்கட்டளைக்கே வரிவிலக்கு தரும் பதிவு) என்ற பெயர்கள்தான் என்பதால் அவற்றையே இங்கும் வைத்திருக்கிறோம்.

"சமூக அறக்கட்டளை" என்று ஒரு துண்டறிக்கையில் பார்த்தேன். எந்தச் சமூகத்துக்கு என்று கேட்டால் சிரிக்கிறார்கள். இது சாதிச் சங்கமா, சாதாரண டிரஸ்டா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. நம் பக்கத்தில் "எந்தச் சமூகம்?" என்றால் சாதியைத்தான் கேட்கிறார்கள். அதனால் இந்தப் பெயரே வேண்டாம், "ஊர்ப் பொது அறக்கட்டளை" அல்லது "வட்டார அறக்கட்டளை" என்று வைப்பதே நல்லது என்பது எங்கள் கட்சி. பெயர் மட்டும் அல்ல, பத்திரத்திலும் இது முக்கியம். "எங்கள் சமூக மாணவர்களுக்கு" என்று ஒரு வரி எழுதிவிட்டால், குறிப்பிட்ட ஒரு சாதிக்கோ மதத்தாருக்கோ மட்டும் பயன்படும் அறக்கட்டளைக்கு 80ஜி கிடையாது என்று வருமான வரித் துறை திருப்பி அனுப்பிவிடும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் என்று பொதுவாக எழுதினால் அந்தத் தடை இல்லை.

சாதாரண டிரஸ்டில் ஒரு குடும்பமோ ஒரு நண்பர் குழுவோ பணம் போட்டு ஒரு காரியத்தை நடத்துவார்கள். வட்டார அறக்கட்டளையில் பலர் போட்ட பணம் ஒரே மூலநிதியாக, அதாவது முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவிடும் நிதியாக, நிற்கும். ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனிக் கணக்கு (பெயர்நிதி) உள்ளே இருக்கும். முதலீடு, தணிக்கை, விண்ணப்பம் பார்ப்பது எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். கிடைக்கும் வருமானம் அந்த எல்லைக்குள் இருக்கும் பள்ளி, மருத்துவம், நீர்நிலை, முதியோர் என்று எந்தத் தேவைக்கும் போகலாம்.

இந்த வடிவம் 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், பிரெடரிக் காஃப் என்ற வங்கியாளரால் தொடங்கியது. உயில் எழுதியவர் மண்ணுக்குள் போனபிறகும் அவர் கை பணத்தை இறுக்கிப் பிடித்திருப்பதுதான் காஃபுக்குப் பட்ட சிக்கல். நோக்கம் காலாவதியாகிவிடும், பணம் அசையாது. இதற்கு நம்மூர் உதாரணமே உண்டு. 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார் கோயில் தர்மங்களுக்கு எழுதிவைத்த பணம் பல்லாண்டுகள் வழக்கில் கிடந்தது. பிறகு நீதிமன்றம் தலையிட்டு, மிஞ்சிய தொகையைக் கல்விக்குத் திருப்பியதில்தான் 1842-இல் சென்னையில் பச்சையப்பன் பள்ளி வந்தது. பலர் சேர்ந்து கொடுத்து ஒன்று நிலைத்ததற்கு வடலூரைப் பாருங்கள். பார்வதிபுரத்தார் தந்த 80 காணி நிலத்தில் 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது.

அதனால் பத்திரம் எழுதும்போதே இந்த மாதிரி ஒரு வரி வேண்டும்: "ஏதேனும் ஒரு பெயர்நிதியின் நோக்கம் நிறைவேறிவிட்டாலோ, நிறைவேற்ற இயலாமல் போனாலோ, அதற்கு மிக நெருங்கிய, இப்பத்திரத்தின் பொது நோக்கங்களுக்குள் அடங்கிய வேறொன்றுக்கு அறங்காவலர்களில் முக்கால் பங்கினர் எழுத்து ஒப்புதலுடன் திருப்பலாம்." பொது நோக்கங்களை அகலமாகவும் பெயர்நிதியின் நோக்கத்தைக் குறுகலாகவும் எழுதுவதுதான் சூட்சுமம். பொது நோக்கத்தையே மாற்ற வேண்டி வந்தால் 30 நாளுக்குள் வருமான வரித் துறையிடம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். பத்திரத்தில் அதிகாரமே இல்லையென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் நீதிமன்றம் ஏறவேண்டும்.

எல்லையையும் யோசித்து எழுதுங்கள். கடலூரும் புதுச்சேரியும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. "கடலூர் மாவட்டம்" என்று மட்டும் போட்டால், கடலூரில் வந்து படிக்கும் பாகூர்ப் பிள்ளைக்கு நீங்கள் நினைத்தாலும் கொடுக்க முடியாது. இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

பழைய மாணவர்கள் 60 பேர் சேர்ந்து 6.5 லட்சம் திரட்டியிருக்கிறோம். எங்கள் தலைமையாசிரியர் நினைவாக உதவித்தொகை தர வேண்டும். தனி டிரஸ்ட் பதியலாமா?
– வாசகர்கள், நெல்லிக்குப்பம்

கணக்கைப் பாருங்கள். 6.5 லட்சத்துக்கு ஆண்டுக்கு 7% என்றால் வட்டி 45,500 ரூபாய். பத்திரப் பதிவு ஒருமுறைச் செலவு, போகட்டும். ஆண்டுதோறும் கணக்கு எழுத, ஆடிட்டருக்கு, தாக்கலுக்கு 15,000 போனால் வட்டியில் மூன்றில் ஒரு பங்கு காகிதத்துக்கே. அதோடு வருமான வரித் துறையின் முதல் பதிவு மூன்றாண்டுக்குத் தற்காலிகமாகத்தான் கிடைக்கும். அது முடிவதற்கு ஆறு மாதம் முன்பாகவோ, பணி தொடங்கிய ஆறு மாதத்துக்குள்ளோ, எது முந்தியதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தேதியைக் கோட்டைவிடுபவர்கள்தான் அதிகம். அப்படி விட்டால் சேர்ந்திருக்கும் சொத்தின் நிகர மதிப்பின் மீதே வரி கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. செயலாளருக்கு மாற்றல் வந்த டிரஸ்டுகளின் கதி பெரும்பாலும் இதுதான்.

எனவே, 12ஏபி, 80ஜி இரண்டும் நடப்பில் உள்ள ஓர் அறக்கட்டளையில் பெயர்நிதியாகச் சேர்ப்பதே மேல். நிர்வாகக் கழிவு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். நிதி மதிப்பில் ஆண்டுக்கு 1 முதல் 2% வரை என்பது உலக வழக்கம். ஆனால் நம்மூரில் முழு 2% எடுத்தால் 13,000 போய்விடும், தனி டிரஸ்ட் செலவுக்கே அருகில் வந்துவிடும். அதனால் 1%-க்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பணம் கொடுக்கும் நாளிலேயே, அல்லது அதற்கு முன், இப்படி ஒரு கடிதம் கொடுங்கள்: "இத்தொகை தங்கள் அறக்கட்டளையின் மூலநிதியில் சேர்ந்து நிற்க வேண்டும். இதிலிருந்து வரும் வருமானத்தை மட்டும் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மேற்படிப்புக்குச் செல்லும் மாணவ மாணவியருக்குச் செலவிட வேண்டும்." கடிதம் இல்லாத நன்கொடை ஆண்டு வருமானமாகக் கணக்கில் ஏறிவிடும். மார்ச் மாதக் கடைசியில் முன்தேதி போட்டு வாங்கும் கடிதம் தணிக்கையில் நிற்காது.

இன்னொரு வில்லங்கம். வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் தம் ஜிபே எண்ணைக் கொடுத்து எல்லோரிடமும் வாங்கி, மொத்தமாக ஒரே தடவையில் அனுப்புவார். அப்படிச் செய்தால் 6.5 லட்சமும் அவர் ஒருவர் கொடுத்ததாகவே பதிவாகும். மற்ற 59 பேருக்கும் வரிச்சலுகை இல்லை, அவர் கணக்கில் வந்த பணத்துக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அறுபது பேரும் தனித்தனியாக அறக்கட்டளையின் கணக்குக்கே அனுப்பி, பான் எண்ணும் கடிதமும் கொடுப்பதுதான் முறை. கொஞ்சம் அலைச்சல்தான், வேறு வழி இல்லை.

உதவித்தொகை எப்போது போகிறது என்பதையும் பாருங்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு, புதுச்சேரியில் சென்டாக் சேர்க்கை, எதுவானாலும் இடம் கிடைத்த சில நாளில் பணம் கட்ட வேண்டும். டிசம்பரில் ஆண்டு விழா மேடையில் பொன்னாடை போர்த்திக் காசோலை கொடுத்தால், அதற்குள் அந்த வீட்டில் நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். மே மாதத்தில் விண்ணப்பம் வாங்கி, ஜூன் இறுதிக்குள் பெயர்களை முடிவு செய்து, சேர்க்கைக் கடிதம் வந்த மூன்று நாளுக்குள் கல்லூரிக் கணக்குக்கே நேராகக் கட்டுங்கள்.

எங்கள் வட்டார அறக்கட்டளையில் 25 லட்சம் மூலநிதி இருக்கிறது. ஊருக்குள்ளேயே வட்டிக்கு விட்டால் நல்ல வருமானம் வருமே என்கிறார்கள். வங்கியில் போட்டால் கரைகிறது என்கிறார்கள். எதைக் கேட்பது?
– வாசகர், பண்ருட்டி

முந்திரி வியாபாரத்துக்கு ரெண்டு வட்டிக்கு விடுவது ஊரில் சகஜம். அறக்கட்டளைப் பணத்தைத் தொடாதீர்கள். அறப்பணம் எதில் எல்லாம் இருக்கலாம் என்று சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது: வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, அரசுப் பத்திரங்கள், பரஸ்பர நிதி, அசையாச் சொத்து முதலியவை. தனியாருக்குக் கடன், சீட்டு, அறங்காவலர் கடை எதுவும் அதில் இல்லை. மீறினால் அந்த அளவுக்கு வரிவிலக்கு போய்விடும். அதைவிட, ஊரில் விட்ட பணத்தைக் கேட்கப்போய் உறவு முறிந்து, பணமும் வராமல் நின்றுபோன பொதுநிதிகள் எத்தனை!

கரைவது என்பதும் உண்மைதான், அதற்குக் காரணம் வேறு. வெளிநாட்டு அறக்கட்டளைகள் நிதியின் சராசரி மதிப்பில் 4 முதல் 5% மட்டும் செலவழித்து, மீதியை நிதியிலேயே சேர்த்துவிடும். அந்தக் கணக்கை நம்மூரில் அப்படியே போட முடியாது. இங்கே ஆண்டு வருமானத்தில் 85% அந்த ஆண்டிலேயே அறப்பணிக்குச் செலவாக வேண்டும். 25 லட்சத்துக்கு 7% வட்டி 1,75,000. அதில் 1,48,750 செலவு செய்தே ஆக வேண்டும். கையில் மிஞ்சுவது 26,250. இதையே பத்து ஆண்டு சேர்த்தாலும் நிதி 27.75 லட்சம் ஆகும். விலைவாசி ஆண்டுக்கு 5% ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், இன்றைய 25 லட்சத்தின் பலத்துக்கு அன்று ஏறக்குறைய 40.7 லட்சம் வேண்டும்.

இந்த ஓட்டையை வட்டி விகிதத்தால் அடைக்க முடியாது. ஆண்டுதோறும் புது மூலநிதி நன்கொடை வந்தாக வேண்டும். உங்கள் கணக்கில் முதல் ஆண்டே ஒரு லட்சம் வரை புதிதாகச் சேர்ந்தால்தான் நிதி நின்ற இடத்தில் நிற்கும். பெரிய காரியம் ஒன்றுக்காக, ஏரி தூர்வாரவோ நூலகம் கட்டவோ, சேர்த்துவைப்பதாக இருந்தால், நோக்கத்தைக் குறிப்பிட்டு உரிய படிவம் (பழைய எண் 10) தாக்கல் செய்து ஐந்தாண்டு வரை ஒதுக்கலாம். ஒரு பகுதியைப் பரஸ்பர நிதியின் வளர்ச்சித் திட்டத்தில் வைத்தால் விற்கும்வரை வருமானம் என்று கணக்கில் வராது. ஆனால் சந்தை இறங்கினால் தாங்கும் தொகையை மட்டும் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. மற்றொரு பதிவு பெற்ற டிரஸ்டுக்கு ஒரு லட்சம் கொடுத்தால், உங்கள் கணக்கில் 85,000 மட்டுமே செலவாகக் கருதப்படும். 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வந்த விதி இது. முடிந்தவரை கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் பயனாளிக்கும் நேராகவே கொடுங்கள். மூலநிதியிலிருந்து எடுத்துச் செலவு செய்தாலும் செலவாக ஏறாது. திருப்பி வைக்கும் ஆண்டில்தான் ஏறும்.

பிரான்சில் இருக்கும் என் அண்ணன் 5,000 யூரோ தர விரும்புகிறார். எங்கள் தெரு அறக்கட்டளை வாங்கலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

அண்ணன் கையில் எந்தப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அவர் வெளிநாடு வாழ் இந்தியர். தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, தாராளமாக வாங்கலாம். பாஸ்போர்ட் நகல் ஒன்றைக் கோப்பில் வையுங்கள். பிரெஞ்சுக் குடியுரிமை என்றால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை) இருந்தாலும், புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். ஊருக்கு வந்து ரூபாயாகவே கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். சொல்தா (பிரெஞ்சுப் படையில் பணிசெய்தவர்) குடும்பங்கள் நிறைந்த உங்கள் ஊரில் இந்தத் தவறு தெரியாமலே நடக்கும்.

"எனக்கு அனுப்பட்டும், நான் என் பெயரில் கொடுத்துவிடுகிறேன்" என்பதும் ஆகாது. உறவினரிடமிருந்து சொந்தச் செலவுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் வரை அரசுக்குத் தெரிவிக்காமல் பெறலாம், அது வேறு. கைமாறி அறக்கட்டளைக்கு வந்தாலும் மூலம் வெளிநாடு என்றால் வெளிநாட்டு நன்கொடையே என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது.

வெளிநாட்டு நன்கொடை பெற எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். அதற்கு மூன்றாண்டு பணி அனுபவமும், அந்த மூன்றாண்டில் 15 லட்சமாவது பணிகளுக்குச் செலவழித்த கணக்கும் கேட்பார்கள். பணம் புதுதில்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். பதிவு பெற்ற வேறு அமைப்பு வாங்கி உங்களுக்குக் கொடுப்பதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது. அண்ணனுக்கு அவசரம் என்றால், புதுச்சேரியிலேயே எஃப்சிஆர்ஏ வைத்திருக்கும் ஓர் அமைப்புக்கு நேராகக் கொடுத்து, அவர் விரும்பும் வேலையை அவர்களே செய்யச் சொல்வது நல்லது.

புயல் வந்தால் முதல் வாரம் லாரி லாரியாக வருகிறது, பழைய புடவை மலையாகக் குவிகிறது. பொங்கலுக்குள் யாரையும் காணோம். உள்ளூர் அறக்கட்டளை இதில் என்ன செய்ய முடியும்?
– வாசகி, கடலூர் முதுநகர்

2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் என்று உங்கள் பகுதிக்கு இது புதிதல்ல. வெளியார் பணம் செய்தி ஓடும்வரைதான் வரும். உள்ளூர் நிதியின் பலமே மூன்றாவது மாதத்திலும் இங்கேயே இருப்பது. அதனால் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் இறைத்துவிடக் கூடாது. புயல் நிதியில் மூன்றில் ஒரு பங்கை உடனடி உதவிக்கும், இன்னொரு பங்கைப் பத்து வாரம்வரை வரும் தொழில் தேவைக்கும், மீதியை யாருக்கும் எதுவும் கிடைக்காத வீடுகளுக்கும் என்று முன்பே தீர்மானம் போட்டு வைக்கலாம்.

செப்டம்பரிலேயே ஒரு மொத்த மளிகைக் கடையோடும் ஒரு தார்ப்பாய்க் கடையோடும் விலையையும் இருப்பையும் எழுத்தில் பேசிவையுங்கள். புயல் மறுநாள் தார்ப்பாய் விலை எகிறிவிடும். ஒரு வீட்டுக்கு 18-க்கு 12 அடி தார்ப்பாய் ஒன்று, நைலான் கயிறு, அரிசி 10 கிலோ, பருப்பு 2 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், மூடி போட்ட பக்கெட், பாய் இரண்டு, நாப்கின் இரண்டு பாக்கெட் என்று வைத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். பழைய துணி வேண்டாம் என்று முதல் அறிவிப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதைப் பிரிக்க ஆளும், போட்டுவைக்க இடமும், குப்பைக்கு அனுப்ப வண்டியும் உங்கள் தலையில்தான் விழும்.

பட்டியல்தான் உண்மையான வேலை. ஊர்ப் பஞ்சாயத்துப் பட்டியலை மட்டும் நம்பினால் வரி கட்டும் ஆண்கள் பெயர்தான் இருக்கும். தனியாக வாழும் பெண்கள், கூடையில் மீன் விற்பவர்கள், கரையோர இருளர் குடும்பங்கள், வாடகை வீட்டுக்காரர்கள் விட்டுப்போவார்கள். சுனாமிக்குப் பிறகு பல இடங்களில் படகு தேவைக்கு மேல் வந்தது. மீன் விற்கும் பெண்ணுக்கு ஐஸ் பெட்டி கொடுக்கக்கூட ஆள் இல்லை. ஆகையால் இரண்டாவது பட்டியலை அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுத் தலைவி, பள்ளி ஆசிரியர் மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். ஒரே வீட்டுக்கு உதவி இரண்டு தடவை போகாமலிருக்கக் குடும்ப அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதும். பணமாகக் கொடுப்பதானால் வீட்டுப் பெண்ணின் கணக்குக்கு முதலில் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். முடங்கிக் கிடக்கும் கணக்குகள் அப்போதே தெரிந்துவிடும்.

80ஜி-யில் எனக்கு எவ்வளவு மிச்சம்?
– வாசகர், அரியாங்குப்பம்

புதிய வரி முறையில் இருந்தால் ஒன்றும் இல்லை. பழைய முறையில், கொடுத்த தொகையில் பாதி கழியும், அதுவும் வருமானத்தில் 10% என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு. 20% வரி கட்டுபவர் 20,000 கொடுத்தால் 10,000 கழிந்து, 4% கூடுதல் தீர்வையும் சேர்த்து 2,080 ரூபாய் மிச்சம். ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது. அறக்கட்டளை மே 31-க்குள் நன்கொடை விவரத்தைத் தாக்கல் செய்து தரும் சான்றிதழை (பழைய எண் 10பிஇ) வாங்குங்கள். வெறும் ரசீது போதாது.

சிப்காட் கம்பெனியின் சிஎஸ்ஆர் பணத்தை மூலநிதியில் சேர்க்கலாமா?
– வாசகர், குடிகாடு

முடியாது. 2021 ஜனவரி முதல் சிஎஸ்ஆர் பணம் (கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் நிதி) மூலநிதிக்குப் போகக் கூடாது. சிஎஸ்ஆர்-1 பதிவும் மூன்றாண்டு அனுபவமும் இருந்தால், குறிப்பிட்ட ஒரு வேலைக்கு வாங்கி, தனியாகக் கணக்கு வைத்துச் செலவு செய்யலாம்.

உதவி கேட்டு வந்த விண்ணப்பத்தில் ஒன்று எங்கள் தலைவரின் தங்கை மகனுடையது. தகுதியான பையன்தான். என்ன செய்வது? உண்டியல் வைக்கலாமா என்றும் சொல்லுங்கள்.
– வாசகர், பரங்கிப்பேட்டை

அறக்கட்டளையை நிறுவியவர், அறங்காவலர், இவர்களின் உறவினருக்குப் பயன் போனால் அந்த அளவுக்கு வரிவிலக்கு போய்விடும். யார் யார் உறவினர் என்ற பட்டியலைச் சட்டத்தில் பார்த்து, பையன் அதில் வருகிறானா என்று ஆடிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். வந்தால், எவ்வளவு தகுதி இருந்தாலும் வேறிடத்துக்கு அனுப்பிவிடுங்கள். வராவிட்டாலும், அந்த விண்ணப்பம் எடுக்கும்போது தலைவர் எழுந்து வெளியே போக வேண்டும். அவர் போன நேரம், திரும்பிய நேரம், முடிவு செய்தவர்கள் பெயர் மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். விண்ணப்பங்களுக்குப் பெயரை மறைத்து எண் போட்டுப் பரிசீலிப்பது நல்ல பழக்கம். ஆனால் சின்ன ஊரில் தகப்பன் தொழிலைப் படித்த உடனே யார் பிள்ளை என்று தெரிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் தேர்வுக் குழுவில் மூவரில் ஒருவராவது வெளியூர்க்காரராக இருக்கட்டும்.

உண்டியல் வைக்கலாம். பெயர் தெரியாத நன்கொடை ஒரு லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5%, எது அதிகமோ அதுவரை தொல்லை இல்லை. தாண்டினால் மிஞ்சியதற்கு 30% வரி. மாதத்தில் ஒரு நாள் குறித்து, இரண்டு சாவியும் இரண்டு பேரிடம் இருக்க, மூன்று பேர் முன்னால் எண்ணி, நோட்டுவாரியாக எழுதிக் கையெழுத்திட்டு, மறுநாளே வங்கியில் கட்டிச் செலானை அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். எண்ணிய பணத்திலிருந்து டீச் செலவுக்குக்கூட எடுக்க வேண்டாம். கட்டிய தொகையும் எழுதிய தொகையும் பத்து ரூபாய் வித்தியாசப்பட்டால் அடுத்த ஆண்டு ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.